மரங்கொத்தி ஒன்றும் கற்றுக்கொள்ளாத கதை

ஒரு காட்டில் சிகாமணி என்றொரு மரங்கொத்தி இருந்தது. சிங்கம் ஆண்ட காலத்தில் அந்தக் காட்டில் பயம் மட்டும்தான் இருந்தது. சிங்கம் போய் அலுவலகம் வந்த பிறகு, பயத்தோடு விண்ணப்பப் படிவமும் சேர்ந்துகொண்டது.

சிகாமணி யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. சுயதொழில். ஆந்தைக்கும் கிளிக்கும் மைனாவுக்கும் மரத்தில் பொந்து போட்டுக் கொடுக்கும். கூலியைப் புழுவாக வாங்கிக்கொள்ளும். அது போடும் பொந்தெல்லாம் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மழை வலுத்தால் உள்ளே தண்ணீர் சொட்டும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பொந்து போடத் தெரிந்த வேறு ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை.

இப்படி நிம்மதியாகப் போன பிழைப்பில், ஒருநாள் ஒரு மைனா வந்து, "பயிற்சி எடுத்த சான்றிதழ் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டது. சிகாமணியின் கொண்டை வாடிப்போனது. மறுநாளே கந்தர்வராஜன் என்ற குயில் நடத்திய 'வீடு கட்டும் கலை' பயிற்சியில் போய்ச் சேர்ந்தது.

குயில் என்றைக்கய்யா வீடு கட்டியது என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு இனிமையான குரல். குயில் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னது. "வீடு என்பது ஒரு மனநிலை" என்றது. பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லி, தூரத்தில் தெரிந்த ஒரு காக்கைக் கூட்டைக் காட்டி, "இது உங்களுடையது என்று மனதார நம்புங்கள்" என்றது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. கடைசியில் வாதாம் இலையில் சான்றிதழும் பூவரச இலையில் ரசீதும் கொடுத்து அனுப்பியது. கட்டணமாக, மழைக்காலத்துக்கென்று சிகாமணி சேர்த்து வைத்திருந்த புழுவில் பாதி போயிற்று.

சிகாமணி வாதாம் இலையை வாசலில் மாட்டியது. கூலியை இரண்டு மடங்காக்கியது. ஆந்தை அந்த விலை கொடுத்து ஒரு பொந்து போட்டுக்கொண்டு, "படிச்ச ஆளு கை வச்சாலே தனிதான்" என்று ஊரெல்லாம் பெருமை பேசியது.

அந்த நேரத்தில்தான் வரி கட்டும் காலம் வந்தது. கணக்கு எழுதித் தரும் ஓணான் ஏகாம்பரத்திடம் போய், "பயிற்சிக்குக் கொடுத்ததைத் தொழில் செலவுன்னு கழிச்சுக்கலாமா?" என்று சிகாமணி கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது. கழிக்க முடியாதோ என்று கேட்டிருந்தாலும் அது அப்படித்தான் ஆட்டியிருக்கும்.

வரி அலுவலகம் புளியமரத்தடியில் இருந்தது. சிகாமணிக்கு முன்னால் வரிசையில் எறும்புகள் நின்றன. ஒரே குடும்பம்தான், ஆளுக்கொரு படிவம். வெயில் ஏற ஏற, சிகாமணிக்கு முன்னால் வரிசை மளமளவென்று குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதை இந்தக் கதை சொல்லாது. பின்னால் ஆந்தை வந்து நின்றது.

அதிகாரியாக உட்கார்ந்திருந்தது தண்டபாணி என்ற உடும்பு. பிடித்தால் விடாது என்பதற்காகவே அந்த வேலை கிடைத்தது.

"பயிற்சின்னு ஒரு செலவு எழுதியிருக்கீரே, அதுல என்ன கத்துக்கிட்டீர்?" என்று உடும்பு கேட்டது.

இரட்டைக் கூலி கொடுத்த ஆந்தை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. சிகாமணி கொண்டையை நிமிர்த்தியது. "எல்லாமே புதுசுங்க ஐயா. அதுக்கு முன்னாடி எனக்கு இந்தத் தொழில்ல ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கங்களேன்."

உடும்பு படிவத்திலிருந்து அந்தச் செலவை அப்படியே அடித்துவிட்டது.

"ஏற்கெனவே தெரிஞ்ச தொழிலைத் தீட்டிக்கிட்டா செலவு. தெரியாததைப் புதுசா கத்துக்கிட்டா அது புதுத்தொழில் தொடங்குற முதலீடு. கழிக்க முடியாது. நீரே சொல்லிட்டீர், எல்லாம் புதுசுன்னு."

சிகாமணி கூட வந்திருந்த ஓணானைப் பார்த்தது. ஓணான் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பௌர்ணமிக்குள்ள முழு வரியும் கட்டணும். இல்லேன்னா நீர் குடியிருக்கிற மரம் ஜப்தி. மரம்னா, மரத்துல உள்ள எல்லாமும் சேர்த்துத்தான்" என்றது உடும்பு. பிறகு நாக்கை நீட்டி உதட்டைத் துடைத்துக்கொண்டு, "உள்ள எத்தனை முட்டை இருக்குன்னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போம்" என்றது.

வீட்டில் சிகாமணியின் மனைவி பூரணி அடைகாத்துக்கொண்டிருந்தாள். உடும்புக்கு முட்டை என்றால் எவ்வளவு பிரியம் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அதற்கு அழுகையே வந்துவிட்டது. பூரணி முட்டையை விட்டு எழுந்திருக்காமல் கேட்டாள்: "ஏங்க, நிசமாவே அங்க என்னத்தைக் கத்துக்கிட்டீங்க?"

"நிறைய" என்றது சிகாமணி.

"போன வருசம் எனக்குப் போட்டுக் கொடுத்த பொந்தும் கோணல். இந்த மாசம் ஆந்தைக்குப் போட்டீங்களே, அதுவும் அதே கோணல். நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் கத்துக்கலைன்னு போய்ச் சொல்லுங்க."

"ஊரே சிரிக்கும், பூரணி. அப்புறம் எவன் என்கிட்ட வேலை கொடுப்பான்?"

"சிரிக்கட்டும். என் முட்டையைத் தின்னுட்டு ஊரு சிரிக்காம இருந்தா மட்டும் எனக்கு என்ன வந்துச்சு?"

சிகாமணி வாசலில் மாட்டியிருந்த வாதாம் இலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டணம் கொடுத்ததைவிட, கொடுத்தது வீண் என்று வாயால் சொல்வதுதான் அதற்கு அதிகம் வலித்தது. ஆனாலும் மறுநாள் போய் மேல்முறையீடு எழுதிப் போட்டது.

விசாரணை சிகாமணியின் மரத்தடியிலேயே நடந்தது. ஆந்தை, கிளி, மைனா என்று வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ஐயா, நான் அந்தப் பயிற்சியில ஒண்ணுமே கத்துக்கலை" என்றது சிகாமணி.

"சத்தமா" என்றது உடும்பு.

"ஒண்ணுமே கத்துக்கலைங்க!"

கிளிகள் சிரித்தன. ஆந்தை பகலிலேயே கண்ணை அகலத் திறந்தது.

உடும்பு லேசில் நம்பவில்லை. மரத்தில் ஏறி, பூரணி இருந்த பழைய பொந்துக்குள் நாக்கை விட்டு அளந்தது. பூரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு உடும்பு ஆந்தையின் புதுப் பொந்துக்குப் போய் அதையும் அளந்தது. கீழே இறங்கி வந்தபோது அதன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ரெண்டும் ஒரே கோணல்தான். ஆனா கத்துக்கிட்டதை வேணும்னே மறைக்கிறீரோ என்னவோ" என்று சொல்லிவிட்டு, திடீரென்று கேட்டது: "வீடுன்னா என்ன?"

மனநிலை என்று சிகாமணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பயிற்சியில் அந்தக் கேள்விக்கு அதுதான் முதலில் பதில் சொல்லிக் கைதட்டு வாங்கியது. பூரணியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. "ஓட்டைங்க" என்றது.

கடைசிச் சாட்சியாகக் குயிலைக் கூப்பிட்டார்கள். கற்றுக்கொடுத்தேன் என்று அது ஒரு வார்த்தை சொன்னால் முட்டைகளின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் அதன் பிழைப்பு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். கந்தர்வராஜன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. அத்தனை பேரும் வரி கட்டுகிறவர்கள்.

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லித் தரலைங்க" என்று இனிய குரலில் சொன்னது குயில். "எனக்கே வீடு கட்டத் தெரியாது. எம் பிள்ளைங்க எல்லாம் காக்கா வீட்டுலதான் வளருது. வேணும்னா காக்காயைக் கேட்டுக்கங்க."

இதற்கு மேல் உடும்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'இவர் பயிற்சிக்கு முன்பு எப்படி இருந்தாரோ, பயிற்சிக்குப் பின்பும் அப்படியே இருக்கிறார். செலவு முழுமையாக ஏற்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்திவிட்டு, பொந்தை ஒரு தரம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனது.

பூரணி அப்போதுதான் மூச்சு விட்டாள். சிகாமணியும் அழுதது, இந்தத் தடவை சந்தோஷத்தில்.

கூட்டம் கலைந்தபோது ஆந்தை கிட்டே வந்தது. "அப்ப எங்கிட்ட எதுக்கய்யா ரெண்டு மடங்கு வாங்கினே? நேத்து மழையில என் தலைமேல சொட்டுனப்பவே நினைச்சேன்" என்று திட்டி, கொடுத்த கூலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனது. அதன்பிறகு சிகாமணியைப் பொந்து போட ஒருவரும் கூப்பிடவில்லை.

அது கவலையோடு உட்கார்ந்திருந்த ஒரு காலைநேரத்தில் குயில் வந்தது. இப்போது அதன் பயிற்சி நிலையத்தின் முன்னால் ஆற்றங்கரை வரைக்கும் வரிசை நிற்கிறதாம். வாசலில் புதுப் பலகை: 'இங்கு எதுவும் கற்றுத்தரப்படமாட்டாது. முழு வரிவிலக்கு.' நார் கிழித்துப் பின்னுவதை நிஜமாகவே சொல்லிக்கொடுத்துவந்த தூக்கணாங்குருவி, மாணவர் இல்லாமல் வகுப்பை மூடிவிட்டு, அதே வரிசையில் நிற்கிறதாம்.

"தனியா சமாளிக்க முடியலை. உதவிப் பயிற்சியாளரா வர்றீங்களா?" என்று கேட்டது குயில்.

"எனக்கு என்ன தகுதி இருக்கு?" என்றது சிகாமணி.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ஒண்ணுமே கத்துக்காதவர்னு கவர்மெண்டே முத்திரை குத்திக் கொடுத்த ஆளு இந்தக் காட்டுல நீங்க ஒருத்தர்தான்!"

சிகாமணியின் கொண்டை மறுபடி நிமிர்ந்தது. வாதாம் இலையைக் கழற்றி எறிந்துவிட்டு, உடும்பின் தீர்ப்பை அந்த இடத்தில் மாட்டியது. உள்ளே குஞ்சுகள் பொரிந்திருந்தன. அன்றைக்கு நல்ல மழை. இடப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பூரணி குஞ்சுகளை வலப்பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

நீதி: எவ்வளவு வேண்டுமானாலும் படியுங்கள், மண்டையில் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் அதற்கு வரி உண்டு.