அஞ்சு தரமுமா, மாமி?

ஒரு கேள்வி கேட்டால் முடிந்துவிடும் விஷயத்தை, கேட்காமலே கண்டுபிடிக்கப் பார்ப்பது என்னுடைய வியாதி. இருபத்தாறு வருடம் வகுப்பாசிரியையாக இருந்ததில் பிடித்தது. "ஆர் விசிலடிச்ச?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் கூரையைப் பார்ப்பார்கள். கேட்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி, காதை மட்டும் பின்னால் விட்டுக்கொண்டு நின்றால் அடுத்த விசிலில் ஆள் அகப்படுவார். இந்த முறையில் நான் பிழைவிட்டதே இல்லை என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்திருக்கிறேன். என் சொந்த வீட்டில், என் சொந்த மருமகனில் அதைப் பரீட்சித்துப் பார்க்கும்வரை.

நடந்து ஒன்றரை வருடமாகிறது. இப்போதும் எங்கள் மாடிப்படியில் ஏறினால் ஐந்தாவது படியில் கால் தானாக நின்றுவிடும். (அந்தப் படியில் இருந்துகொண்டுதான் செய்தேன்.)

எங்கள் வீடு கல்முனையில், கடலில் இருந்து இரண்டு தெரு உள்ளே. சுனாமிக்குப் பிறகு கட்டியது. என் கணவர் மேசனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "இனி வந்தா கடல்தான் திரும்பிப் போகணும்." மேசன் அதை அப்படியே மனதில் எடுத்துக்கொண்டார். எங்கள் சுவரில் ஓர் ஆணி அறைய இரண்டு பேர் வேண்டும். அந்தச் சுவர் கடலைத் தடுக்குமா என்று அல்லாஹ்தான் அறிவான். வைஃபையைத் தடுத்தது. கீழே ஹோலில் ரவுட்டர். அதன் லைன் மாடிப்படியில் பாதி ஏறி, மூச்சு வாங்கி, திரும்பி வந்துவிடும்.

மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மூத்த மகள் ரிஸ்னாவும் அவளுடைய மாப்பிள்ளை ஹஸீபும். மற்றதில் இளையவள் ஸஹ்ரா. அவளுக்கு ஏ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஹஸீபும் வந்தார். கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கொம்பனியில் வேலை பார்த்தவர், லீவுகளுக்கு மட்டும் வந்துபோனார். கொம்பனி ஆட்களைக் குறைத்தபோது இவரையும் குறைத்துவிட்டார்கள். நாலு மாதமாக வீட்டில் இருந்தார். காலையில் என் கணவரோடு வயலுக்குப் போவார். வரம்பில் நடக்கத் தெரியாமல் நடந்து, முழங்கால்வரை சேற்றோடு வருவார். ஒரு நாளும் முகம் சுழித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பள்ளிக்கூட அதிபரையே எதிர்த்துக் கதைத்தவள் நான். மருமகன் முன்னால் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஊமையாகிவிடுவேன்.

"மகள், அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமா எண்டு கேளு."

அவர் அதே மேசையில்தான் இருப்பார்.

"மாமிட்ட போதும் எண்டு செல்லுங்க, ரிஸ்னா."

பதினான்கு மாதம் இப்படியே போனது. ஒரே மேசைக்கு இரண்டு கரையிலும் நாங்கள். நடுவில் ரிஸ்னா தபால்காரி.

ஒரு நாள் அந்தத் தபால்காரி என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

"உம்மா, மேல லைன் வருகுதே இல்ல. வியாழக்கிழமைக்கு முந்தி ஏதும் செய்யேலுமா?"

"வியாழக்கிழமை என்ன?"

"ஒண்டுமில்ல, சும்மா."

அந்தச் 'சும்மா'வின் கீழ் என் மனம் சிவப்புக் கோடு போட்டது. ஆனால் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பஸாரில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவன் என்னிடம் படித்தவன். கைக்கடக்கமான மூன்று வெள்ளைப் பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்தான்.

"இதுக்கு மெஷ் எண்டு செல்ற, டீச்சர். ஒரு பெட்டி மத்தப் பெட்டிக்குக் கைகொடுக்கும். எந்தப் பெட்டிட லைன் பலமா இரிக்கோ, அது போனப் பாரமெடுக்கும். பெட்டிதான் மாறும், லைன் அறாது."

நான் தலையாட்டினேன். (விளங்கவில்லை. விளங்காமல் தலையாட்டிய பிள்ளைகளை எத்தனை பேரை எழுப்பி நிற்கவைத்திருப்பேன்!)

"அதோட உங்கட போன்லயே ஆரெல்லாம் லைன்ல நிக்காங்க எண்டு பாக்கலாம், டீச்சர். பேர் வெக்கலாம். வேணுமெண்டா ஒராள நிப்பாட்டவும் ஏலும்."

இந்த இரண்டாவது பகுதி எனக்கு நன்றாக விளங்கியது.

ஒரு பெட்டியை ஹோலில் வைத்தேன். ஒன்றை மாடிப்படி முடியும் இடத்தில், ஸஹ்ராவின் கதவுக்குப் பக்கத்தில். மூன்றாவதை ரிஸ்னாவிடம் கொடுத்தேன். மருமகன் இருக்கும் அறைக்குள் நான் போவதில்லை. அவள் அதைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் வைத்தாள். வெளியே தெரிந்தால் வடிவில்லையாம். அதனால் அந்த அறைக்கும் மாடிப்படிப் பெட்டிதான் லைன் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பிறகு வரவு இடாப்பைத் திறந்தேன். ஆம், போனில் ஆள் காட்டும் அந்தச் செயலியை வகுப்பில் பெயர் கூப்பிடும் பதிவேடாகத்தான் நான் பார்த்தேன். எனது போன், என் கணவர் போன், ரிஸ்னா போன், மருமகன் போன், டீவி, ஸஹ்ரா போன். ஸஹ்ராவின் போன் பரீட்சை முடியும்வரை என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, அங்கிருந்தும் 'வரவு' சொன்னது. மொத்தம் ஆறு. வகுப்பு நிறைவு. ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மணிக்கு ஒரு தரம் இடாப்பு எடுத்தேன்.

வியாழக்கிழமை வந்தது. நாவிதன்வெளியில் வெள்ளாமை வெட்டு, என் கணவர் வழக்கம்போல் போனை வீட்டில் வைத்துவிட்டு அங்கே போய்விட்டார். மருமகன் அன்று வயலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அஸர் தொழுதுவிட்டு, தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, இடாப்பைத் திறந்தால் ஏழு பேர்.

ஏழாவது ஆளுக்குப் பெயர் இல்லை. ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்து ஏதோ இருந்தது. அதன் கீழே எந்தப் பெட்டி என்று காட்டியது. மாடிப்படிப் பெட்டி. ஸஹ்ராவின் கதவடி!

அவளிடம் இன்னொரு போன் இருக்கிறது. அதை யாரோ கொடுத்திருக்கிறான். அந்த யாரோவிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அவள் பரீட்சையில் மூன்று பாடமும் போய், குடும்ப மானமும் போய், நான் பஸாரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறேன். இவ்வளவும் தேத்தண்ணி கொதிப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டது.

பத்துப் படி ஏறிக் கதவைத் தட்டியிருக்கலாம். நான் ஐந்து படி மட்டும் ஏறி, அங்கேயே குந்தினேன். ஒரு கையில் போன், காது மாடியில். திட்டம் எளிமையானது. ஏழாவது ஆளின் லைனை நிறுத்துவேன். எந்த அறையில் இருந்து "சே!" என்று சத்தம் வருகிறதோ அங்கே கள்ளன்.

முதல் தரம் அழுத்தினேன். சத்தமே இல்லை. பாவம் என்று லைனை விட்டேன்.

இரண்டாம் தரம் அழுத்தினேன். ஒரு கதிரை நகர்ந்தது. எந்த அறைக் கதிரை என்று அந்த மேசனின் சுவர் சொல்லவிடவில்லை. விட்டேன்.

மூன்றாம் தரம் ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமியது. மருமகனுக்குத் தடிமன் என்று தீர்ப்பளித்தேன்.

நாலாம் தரம் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்தேன். பிறகு விட்டபோது யாரோ ஆங்கிலத்தில் "ஹலோ? ஹலோ?" என்று கெஞ்சினார்கள். அது பக்கத்து வீட்டு டீவி. (முடிவை முதலே எழுதிவைத்துக்கொண்ட ஆசிரியைக்குச் சாட்சி எதற்கு?)

இவ்வளவு அழுத்தமான கள்ளியா என்று எனக்கு ஆத்திரம் ஏறியது. ஐந்தாம் தரம் சிவப்பு நிறத்தில் இருந்ததை அழுத்தினேன். 'இந்தக் கருவியை நிரந்தரமாகத் தடைசெய்யவா?' என்று செயலி கேட்டது. எங்கள் வீட்டில் அன்று கேள்வி கேட்டுவிட்டுக் காரியம் செய்தது அது ஒன்றுதான். ஓம் என்றேன்.

மாடியில் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

"உம்மா! லைன் போயிட்டும்மா! அவர்ர இன்டவியூ!" என்று ரிஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

மற்றக் கதவில் ஸஹ்ரா, காதில் பேனையும் கையில் இரசாயனவியல் வினாத்தாளுமாக.

"உன்ட மத்தப் போன் எங்க?" என்று நான் அவளைப் பார்த்துக் கத்தினேன்.

"எந்தப் போன்? இரிந்த ஒண்டையும் நீங்கதானே அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிரிக்கீங்க!"

நான் மெல்ல மற்றப் பக்கம் திரும்பினேன். "என்ன இன்டவியூ, மகள்?"

"வெளிநாட்டுக் கொம்பனிம்மா. வீட்ட இரிந்தே செய்ற வேல. இதுதான் கடைசி இன்டவியூ. கண்ணூறு பட்டிரும் எண்டு ஒராளுக்கும் செல்லல்ல. லெப்டொப்பும் கூட்டாளி ஒராள்ட நேத்துத்தான் இரவல் வாங்கின..."

(கண் படவில்லை. விரல் பட்டது.)

தடையை எடுக்கப் பார்த்தேன். கண்ணாடி கீழே குசினியில். 'தடை' என்ற பட்டியல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஸஹ்ரா "தாங்கம்மா, நான் பாக்கன்" என்று போனைப் பிடுங்குவதற்குள் நான் கீழே ஓடி, எதற்கும் மருந்து அதுதான் என்ற நம்பிக்கையில், ஹோல் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். அதுவரை ஓராளுக்குத்தான் லைன் இல்லை. இப்போது வீட்டுக்கே இல்லை. திரும்ப ப்ளக்கைப் போட்டேன். மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு சிவப்பாக மினுங்கின. ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிப் பார்த்தேன். அவை தங்கள் அவசரத்துக்குத்தான் மினுங்கின.

அப்போது மருமகன் அறையை விட்டு வெளியே வந்தார். மேலே அயன் பண்ணிய வெள்ளைச் சேட், நீல டை. கீழே சாரன். ஒரு கையில் திறந்தபடி லெப்டொப், மற்றக் கையில் போன். வீட்டுக்குள் போன் சிக்னலும் வராது, மேசன் புண்ணியத்தில். போன் டேட்டாவைப் பிடிக்க அவர் மொட்டைமாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தாங்கியின் மேல் லெப்டொப்பை வைத்து, ஒரு கையால் காகத்தை விரட்டிக்கொண்டு, கடல் காற்றில் டை முகத்தில் அடிக்க, அவர் ஆங்கிலத்தில் கதைப்பது கீழே முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து நின்ற எனக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் செய்ததற்கு.

பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார். மேசையில் இருந்தார். ரிஸ்னா என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியை நானே கொண்டுபோய் வைத்தேன். இதைச் சொல்ல அவளைத் தபால்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை.

"மகன்," என்றேன்.

ரிஸ்னா தலையை நிமிர்த்தினாள். பதினான்கு மாதத்தில் நான் அவரோடு நேரே கதைத்த முதல் சொல் அது.

"லைன் தானாப் போகல்ல, மகன். அமத்தினது நான்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனதுக்குள் எண்ணினார் போல.

"அஞ்சு தரமுமா, மாமி?"

"ஓம், மகன். அஞ்சு தரமும்."

"நான் இவ்வளவு நேரமும் அந்தப் பெட்டிய ஏசிட்டிரிந்தன்," என்றார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். அன்று நான் சீனி போட மறந்திருந்தேன். அதையும் சொல்லாமல் குடித்தார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அவருடைய பதில்கள் பிடித்திருந்தனவாம். ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு நம்பகமான இணைப்பு முக்கியமாம். நான் ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். 'மேற்படி விண்ணப்பதாரியின் மாமியாகிய நான்' என்று தொடங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றார் எழுதுவதுபோல் இரண்டு பக்கம். மருமகன் வாசித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. (வியாதி.)

இரண்டு மாதத்தில் கட்டாருக்குப் போனார். ஒரு களஞ்சியத்தில் வேலை. "வேற வழியில்ல, மாமி" என்று நேரே என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பிறந்தபோது, தகப்பன் காதில் சொல்ல வேண்டிய பாங்கைச் சொன்னது என் கணவர். ஏழாம் நாள் முடி இறக்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மூன்று பெட்டியும் அன்று நீலமாக எரிந்தன. ஒரு தரமும் லைன் அறவில்லை.

"மாமி, நல்ல கிளியராத் தெரியிது," என்றார் மருமகன் அங்கிருந்து. மகளின் முடி விழுவதை அவர் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்தார்.

வீட்டில் இப்போது எது பிழையாகப் போனாலும் அந்தக் கேள்விதான். சோறு அடிப்பிடித்தால் என் கணவர் சட்டியைப் பார்த்து, "அஞ்சு தரமுமா?" என்பார். ஸஹ்ரா பரீட்சை எழுதிவிட்டு வந்து, "ரெண்டாம் பேப்பர்ல மூண்டு கேள்வி பிழைச்சிட்டு. மூண்டு தரம்தான், அஞ்சில்ல" என்றாள். கட்டாரில் இருந்து வரும் கோல் கொஞ்சம் உறைந்தாலும் மருமகன் முதலில் சொல்வது, "மாமி, கைய எடுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், குசினிக்குள் போகும்வரை.

இடாப்பை நான் இப்போது தொடுவதில்லை. ஆனால் அது என்னைத் தொடும். 'மருமகன் போன்' என்ற பெயர் சாம்பல் நிறமாகி அடியில் கிடக்கிறது. சில நாளைக்கு ஒரு தரம் செயலி தானாகக் கேட்கும்: இந்தக் கருவி நீண்ட நாளாக வரவில்லை, பட்டியலில் இருந்து நீக்கிவிடவா? நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பெயரை ஒரே கோட்டில் வெட்டியவள் நான். இதை மட்டும், குசினியில் இருந்து கண்ணாடியை எடுத்துவந்து போட்டு, இரண்டு தரம் வாசித்து, 'வேண்டாம்' என்பதைத் தேடி அழுத்துகிறேன். பிறகு ஸஹ்ராவைக் கூப்பிட்டு, சரியானதைத்தான் அழுத்தினேனா என்று கேட்கிறேன்.