மெத்தை வண்டி

உங்களை ஒரு ஊரே சேர்ந்து ‘மெத்தை’ என்று கூப்பிட்டதுண்டா? என்னைக் கூப்பிடுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் போய் என் நிஜப்பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘மெத்தை’ என்று கேளுங்கள், பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து முழுக்கதையும் சொல்வார். அவர் சொல்கிற கதையில் நான் இன்னும் கொஞ்சம் பெரிய முட்டாளாக இருப்பேன். அதனால் முந்திக்கொள்கிறேன்.

எழுபத்தைந்தில் நான் மெட்ராஸில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். பெல்பாட்டம், காதுக்குக் கீழே கிருதா, வாயைத் திறந்தால் நியூட்டன். (நியூட்டனே கேள்விப்படாத நியூட்டன்.) லீவுக்கு செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தால் ஓட்ட என்னிடம் ஒரு வண்டியும் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே மாமல்லபுரம் வந்த ஒரு தாடிக்காரர், வண்டு மாதிரி முதுகு வளைந்த தன் காரைப் புளியமரத்தில் மோதிவிட்டு, அதை என் மாமாவின் லாட்ஜ் வாசலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நான் நசுங்கிய கூட்டை வெட்டி எறிந்தேன். மிச்சம்: தரைத்தகடு, நாலு சக்கரம், பின்னால் எஞ்சின், ரெண்டு சீட்டு, சுற்றி இரும்புக் குழாய். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த பெயரை வைத்தேன்: டியூன் பக்கி. மணல்மேட்டில் ஓட்டுகிற வண்டி. என் அப்பா வைத்த பெயர் ‘பாடை’. அது எவ்வளவு மோசமான பெயர் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

என் ஹாஸ்டல் நண்பன் ஏழுமலை அந்தக் குப்பத்துக்காரன். அவனைப் படிக்க வைத்தது அவனுடைய அண்ணன் முனுசாமி, கட்டுமரத்தில் போய். ஒருநாள் கரை ஏறும்போது அலை மரத்தைத் தூக்கி அவர் முதுகிலேயே போட்டது. இடுப்புக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று செங்கல்பட்டில் தங்கை வீட்டில் கிடந்தார். ஆட்டம் கூடாது, குலுக்கல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குப்பத்தில் ஏழுமலையின் குடும்பத்துக்குப் புதுக் கட்டுமரம் கட்டி, கடலில் இறக்க நாள் குறித்தார்கள். முனுசாமி அண்ணன் முதலில் கை வைத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். தார் ரோடு வரை எப்படியாவது போகலாம். அதற்கப்புறம் வெறும் மணல்.

“தோள்ல தூக்கினு போயிடலாம்ணா” என்றான் ஏழுமலை.

“பொணத்தத்தான்டா நாலு பேரு தூக்குவாங்க. என் கரைக்கு நான் அப்டி போமாட்டேன். வண்டி போனா வரேன். இல்லாட்டி வுட்டுடு.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அண்ணாத்தே, என் வண்டி மணல்ல போறதுக்குன்னே செஞ்சது” என்றேன்.

“குலுக்குமே?”

“குலுக்காம பண்ணிடறேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்தது. அதுதான் இன்றுவரை தொந்தரவு.

விஷயம் இதுதான். அந்த ஜாதிக் காருக்கு முன்னால் குறுக்கே ரெண்டு குழாய். ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்பிரிங் பட்டைகள் கட்டாக அடுக்கியிருக்கும். சக்கரம் மேடு ஏறினால் அந்தக் கட்டு ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். முழு காரைச் சுமக்கச் செய்த பட்டைகள். நானோ கூரை, கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். எடை இல்லாததால் பட்டைகள் விறைத்துக்கொண்டு நின்றன. கூழாங்கல்லில் ஏறினாலும் கடவாய்ப்பல் பதில் சொல்லும். அப்படியானால் பட்டையைக் குறை. இதற்கு நியூட்டன்கூட வேண்டாம்.

லாரி ஒர்க்‌ஷாப் பாஷா பாய் தலையைச் சொறிந்தார். “எல்லாரும் பட்டை சொருவ வருவாங்க. நீ உருவ வந்துகிறே. ஒடம்பு நல்லாத்தான கீது?”

உருவினார். பட்டை குறைந்த இடம் லொடலொட என்று ஆடாமலிருக்க, உருவியதிலிருந்து துண்டு வெட்டி ஓரத்திலும் நடுவிலும் செருகி இறுக்கினார். ஏழுமலையின் மடியில் ஒரு டம்ளர் மோரை வைத்து, கொளவாய் ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தேன். மோர் பாதி அவன் பேண்ட்டில். திரும்பி வந்து இன்னொன்று உருவினோம். அடுத்த சுற்றில் மோர் தளும்பியது, சிந்தவில்லை.

“போதும் மச்சான்” என்றான்.

“இன்னும் ஒண்ணு. அண்ணனுக்காகடா.”

கடைசிச் சுற்றில் மோர் அசையவே இல்லை. நான் ஹாரன் அடித்தேன். (எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து எடை போட்டால் ஒரு சுமாரான ஆட்டுக்கடா தேறும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.)

மரம் இறக்குகிற அன்று காலை ஏழுமலையும் முனுசாமி அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணியும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனைத் தலையணை சுற்றி, பக்கத்துச் சீட்டில் அண்ணியின் பழைய புடவையால் கட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வண்டி அதற்கு முன் அப்படி ஓடியதில்லை. பள்ளத்தில் மூக்கு மெதுவாக இறங்கி, மெதுவாக எழுந்தது.

“தம்பி, ரோட்டுல போற மாதிரியே இல்லடா. வெளிக்கடல்ல போற மாதிரி கீது.”

திருக்கழுக்குன்றம் மலை வந்ததும் நிறுத்தச் சொன்னார். “கடல்லேந்து இந்த மலைய வச்சுத்தான் எடம் புடிப்போம். கிட்ட பாத்தா சின்னதா கீதே!” என்றார். அங்கிருந்து வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன், பட்டையைப் பற்றி.

சவுக்குத்தோப்பு தாண்டி மணலில் நுழைந்தால் மொத்தக் குப்பமும் நிற்கிறது. எனக்கு மாலை போட்டார்கள். எனக்கு! மணலில் பின்சக்கரம் லேசாக அழுந்தி, வண்டியின் மூக்கு வானம் பார்த்தது. கட்டுமரக்காரர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. அலைக்கு எதிரே மூக்கு தூக்கினால் மரம் கவிழ்ந்துவிடும். மூக்கில் கனம் ஏற்றுவதுதான் அவர்கள் பழக்கம்.

“மூக்கு தூக்கினு கீதுடா! முன்னால குந்துங்க!”

மலை மாதிரி மூன்று பேர் ஏறினார்கள். மடியில் ஒரு ஈரவலை வேறு. மாலை போட்ட மனுஷன் வேண்டாம் என்பானா? “குந்துங்க, குந்துங்க! மெத்தை மாதிரி இருக்கும்!” என்று கூவினேன்.

வண்டி மணல்மேட்டில் ஏறியது. உச்சியைத் தாண்டிக் கீழே சாய்ந்தது. நான் உருவிய பட்டையெல்லாம் எங்கே என்று அந்த நொடியில் வண்டி கேட்டது. மூக்கு இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போய், முன்குழாய் மணலை ஏர் மாதிரி உழுது, அப்படியே நின்றது. மூன்று பேரும் பறந்தார்கள். வலை எங்கள் தலையில்.

வலையை விலக்கினேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். புடவைதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

“அண்ணாத்தே!”

“எனக்கு உசுரு கீது. உன் வண்டிக்கு கீதா பாரு.”

இல்லை. தள்ளினார்கள், இழுத்தார்கள். நான் மாலையோடு மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்து மூடியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரே, ஒரு கூப்பிடு தூரத்தில், மஞ்சள் பூசிய புது மரம் தண்ணீர் ஓரம் காத்திருந்தது. “தோ ஆச்சு அண்ணாத்தே, தோ ஆச்சு” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். “வுடு தம்பி. தூக்கச் சொல்லு.”

சீட்டோடு தூக்கலாம் என்றான் ஏழுமலை. ஸ்பேனரை எடுத்தேன். அந்த வண்டியில் நான் ஒழுங்காகக் கழற்றியது அந்த சீட்டு போல்ட்டுகளை மட்டும்தான். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். மேலேயிருந்து அவர் குரல் கேட்டது.

“ஏண்டா, நான் கண்ண மூடிக்கணுமா, தொறந்துகினு வரலாமா?”

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அழுவாதடி. ஒத்திகைதான பாக்கறோம்.”

மரத்தில் கை வைத்தார். கையை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மரம் போனது. முதல் அலையில் மூக்கு தூக்கியதும், “முன்னால குந்துங்கடா!” என்று கத்தினார். கத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சீட்டே ஆடியது. குப்பமே சிரித்தது. எனக்குப் பெயர் வைத்தது அவர்தான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து அண்ணன் போய்விட்டார். மழையில் கரைந்த மணலில் நடக்க வேண்டியிருந்தது. தூக்குகிறவர்களில் நானும் ஒருவன். அவரே சொல்லி வைத்திருந்தாராம். தோளில் எடுக்கும்போது அண்ணி என் பக்கத்தில் வந்து, “மெத்தை, ஆட்டாம தூக்கினு போ” என்றார். அழுதுகொண்டிருந்த ஒருத்தன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லாரும் ரெண்டையும் சேர்த்துச் செய்தோம்.

இப்போதும் அங்கே கயிற்றுக்கட்டில் தொய்ந்தால், இட்லி குழைந்தால், “எவன்டா பட்டைய உருவினது?” என்றுதான் கேட்கிறார்கள். வண்டி தோப்போரம் துருப்பிடிக்கிறது. சீட்டை யாரும் திருப்பி மாட்டவில்லை.

இன்று நெத்திலி பட்டிருக்கிறது. அண்ணி அந்த சீட்டில் உட்கார்ந்து கூறு போட்டுக்கொண்டிருக்கிறார்.