மிளகாய் மில்லில் என் முதல் வாதம்

முதல் வழக்கில் வாதாடப் போகும் வக்கீலைவிட ஆபத்தான ஆள் ஊரில் கிடையாது. அன்று என்னைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

மின்சாரச் சட்டம்தான் என் துறை என்று கல்லூரியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தத் துறையின் பெரிய வக்கீல்களும் கம்பெனிகளும் இருப்பது சென்னையில். நானோ திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ‘மின்சாரச் சட்ட வழக்கறிஞர்’ என்று போர்டு மாட்டினேன். விசாரணையே வீடியோவில் நடக்கிற காலம்; சோலார் பேனல் இருப்பதோ நம் ஊர்க் கூரைகளில். அப்புறம் எதற்குச் சென்னை? (இதை அப்பாவிடம் சொன்னபோது தட்டைப் பார்த்தபடியே “சரிம்மா” என்றார். அந்தச் ‘சரிம்மா’வை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எந்தச் சட்டத்திலும் வழியில்லை.) முதலில் வந்த மூன்று பேரும் ஃபேன் ரிப்பேர் செய்யக் கூப்பிட்டார்கள்.

நான்காவதாக வந்தவர் தனலட்சுமி அக்கா. அடி அண்ணாமலையில் மாவு மில் வைத்திருக்கிறார். ஒரு கம்பெனி அவர் கூரையில் பேனல் போட்டு, ‘மில் முழுக்க இதிலேயே ஓடும்’ என்று எழுதியும் கொடுத்திருந்தது. ஓடவில்லை.

“வெயில் மண்டைய பொளக்குது மேடம், மோட்டார் முனகிட்டே நிக்குது. கேட்டா, மில்லுதான் பழசுன்றாங்க. ஊரெல்லாம் பெருமை பேசிட்டேன், மானம் போவுது” என்றார்.

ஒப்பந்தப்படி, தகராறைத் தீர்க்கும் நடுவர் சென்னையில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி. வீடியோவில் விசாரணை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று வாதாடினேன். கண்ணாடி ஒவ்வொரு முறையும் எனக்கே தீர்ப்பளித்தது.

விசாரணை நாள் சித்ரா பௌர்ணமி. (தேதிக்குச் சம்மதிக்கும்போது காலண்டரைப் பார்க்காத ஒரே திருவண்ணாமலைக்காரி நான்தான்.) காலையில் மில்லைப் போட்டோ எடுக்கப் போனவள் திரும்பலாம் என்று வெளியே வந்தால், கிரிவலப் பாதையில் வெறும் தலைகள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பன்னிரண்டு மணிக்கு விசாரணை.

“இங்கயே பேசுங்க மேடம். கரன்ட் கீது, ஃபேன் கீது, வேற இன்னா வேணும்?” என்று அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

கோதுமை மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து, கறுப்பு கவுன் மாட்டி, கழுத்துப்பட்டையும் கட்டி உட்கார்ந்தேன். திரையில் நடுவரும் எதிர்த்தரப்பு வக்கீலும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள்.

இருந்தாலும் நான் அசரவில்லை. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் பிய்த்து உதறினேன். “இந்த மில் ஓடவே ஓடாது, சார்!” என்று முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ‘இந்தப் பேனலில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். ஆவேசத்தில் விட்டுப்போனது.

எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகைத்தார். “அதைத்தான் நாங்களும் சொல்றோம் சார். மில்லே ரிப்பேர். எந்தக் கரன்ட் குடுத்தாலும் ஓடாது.”

எனக்குப் பின்னால் அக்கா எழுந்தார். “யாரு மில்லு ரிப்பேரு?”

நான் திரும்புவதற்குள் சுவிட்ச் போட்டாயிற்று. மில் இடி மாதிரி ஓடியது. அதன் வாயில் யாரோ அரைக்கக் கொடுத்திருந்த காய்ந்த மிளகாய். செக்கச்செவேல் என்று ஒரு புகை கிளம்பி நேராக என் முகத்துக்கு வந்தது.

“ஓடாதுன்னு சொன்னீங்களேம்மா?” என்று நடுவர் கேட்டார்.

பதிலாக ஒரு தும்மல் போட்டேன். அப்புறம் ஒன்பது. கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக நீர். மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாயிலிருந்து “மை லா... மை லா...” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் வக்கீல் வாழ்க்கை பன்னிரண்டு இருபதுக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அக்கா என்னை ஸ்டூலோடு நகர்த்திவிட்டு லேப்டாப் முன் வந்தார். “இப்ப ஓடுனது ஈ.பி. கரன்ட்டுங்க ஐயா. இப்ப சோலாருக்கு மாத்துறேன், பாருங்க.” கைப்பிடியைத் தள்ளினார். மோட்டார் முனகி நின்றது. திரும்ப ஈ.பி.க்கு மாற்றினார், ஓடியது. மறுபடி சோலார், நின்றது. “உச்சி வெயிலுங்க ஐயா. இதுக்கு மேல சூரியனை எங்க போய் கூட்டியாறது?”

எதிர்த்தரப்பு வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புரிஞ்சுதும்மா. முதல்ல உங்க வக்கீலுக்குத் தண்ணி குடுங்க. அழவேணாம்னு சொல்லுங்க.”

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி பேனல்களை மாற்றிக் கொடுத்தது. இன்று மில் சோலாரில்தான் ஓடுகிறது.

ஆனால் நான் அழவில்லை, அது மிளகாய் நெடி என்பதை இதுவரை ஒருவரும் ஏற்கவில்லை. வீட்டில் நான் தும்மினால் அப்பா, “எந்த கேஸும்மா?” என்கிறார். மாவு அரைக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, “நம்ம மேடம் ஒரு அழுகை அழுதாங்க பாரு, ஜட்ஜய்யாவே ஆடிப்போயிட்டாரு” என்று சொல்லி எனக்கு வழக்கு பிடித்துத் தருகிறார்.

போன வாரம் சோலார் பம்ப் தகராறோடு ஒரு விவசாயி வந்தார். ஒப்பந்தம், ஷரத்து, முன்தீர்ப்பு என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், எழும்போது தயங்கி நின்றார்.

“அதெல்லாம் நீங்க பாத்துக்குவீங்க மேடம். நம்ம கேஸுக்கும் கொஞ்சம் அழுவீங்க இல்ல?”