நொச்சிக்கேணிக்குச் செவிசாய்த்த படலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மக்களுக்காகப் பேசியவர்கள் ஏராளம். மேடை போட்டும் பேசினார்கள், மேடை இல்லாமலும் பேசினார்கள். ஆனால் மக்கள் பேச, தான் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்த மகான் ஒருவரைக் காண்பதற்கு இந்த மண் இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்தான் பேராசிரியர் பஞ்சலிங்கம். பல்கலைக்கழகத்தின் குடிசார் மற்றும் சமூக ஈடுபாட்டு மையத்தின் ஸ்தாபகப் பணிப்பாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கவேண்டாம், வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அவர் கேட்டார் என்பதற்கு நூற்றுப் பதினேழு பக்கத்தில், வழவழப்பான தாளில், நிறப்படங்களோடு ஆதாரம் இருக்கிறது. எல்லாப் படங்களிலும் அவருடைய தலை இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். கேட்பவர்களின் தலை அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மணிலாவில் ஒரு பயிற்சிப் பட்டறையில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

மையம் வருவதற்கு முன்பு, பல்கலைக்கழக வாசலில் வயலிலிருந்து ஒரு கமக்காரன் வந்து நின்றால் காவலாளி "என்ன வேணும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவான். மையம் வந்த பின்பு "வணக்கம், என்ன வேணும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறான். ஆண்டறிக்கையில் இதற்குப் பெயர் 'நிறுவன உருமாற்றம்'.

இனி நொச்சிக்கேணி. சாவகச்சேரிக்கு உட்புறமாக, பஸ் போகும் வீதியிலிருந்து இறங்கி இரண்டு கட்டைத் தூரம் போனால் வரும் ஊர். அறுபத்திரண்டு குடும்பங்கள். ஊருக்கும் கடலேரிக்கும் நடுவில் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆய்வுப் பண்ணை. இரண்டு வருடத்துக்கு முன் பண்ணையைச் சுற்றி ஆறடி மதில் எழும்பியது. மாரித் தண்ணீரைக் கடலேரிக்குக் கொண்டுபோகும் வெள்ளவாய்க்கால் ஒன்று அந்த வழியாகத்தான் ஓடியது. அது பொறியியலாளரின் வரைபடத்தில் இல்லை. வெள்ளத்துக்கோ வரைபடம் வாசிக்கத் தெரியாது. போன மாரியில் அது வழக்கம்போல மதில் வரைக்கும் வந்தது, முட்டியது, திரும்பி ஊருக்குள் போனது. பால் விற்றுச் சீவிக்கும் தங்கமுத்துவின் இரண்டு பசுக்களும் கட்டின இடத்திலேயே நின்று செத்தன.

வெள்ளம் வடிந்த மறுவாரமே பேராசிரியர் ஊருக்கு வந்துவிட்டார். வேறு எவரும் வரவில்லை, அவர் வந்தார். இதை ஊர் இன்றைக்கும் மறக்கவில்லை.

முதலாவது 'செவிமடுத்தல் அமர்வு' சனசமூக நிலையத்தில் நடந்தது. ஊராருக்கு மூன்று நிறத்தில் துண்டுத்தாள்கள் கொடுக்கப்பட்டன. பச்சையில் தங்கள் கனவையும், மஞ்சளில் தங்கள் சவாலையும், நீலத்தில் தங்களிடம் உள்ள வளத்தையும் எழுதவேண்டும். கனவு என்ற இடத்தில் 'மதிலில் ஓட்டை' என்று எழுதினார்கள். சவால் என்ற இடத்தில் 'மதில்' என்று எழுதினார்கள். வளம் என்ற இடத்தில் மேசன் செந்தூரன் தன் கடப்பாரையை நினைத்து 'அலவாங்கு' என்று எழுதினான்.

எட்டு அமர்வுகளின் துண்டுத்தாள்கள் கணினியில் ஏற்றப்பட்டன. நொச்சிக்கேணி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏதோவொரு கட்டத்தில் மதிலைப் பற்றியே பேசியிருக்கிறார்கள் என்று கணினி கண்டுபிடித்தது. பஞ்சலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது.

"ஒரு சமூகத்துக்கும் ஒரு பல்கலைக்கழக மதிலுக்கும் இடையிலை இப்பிடியொரு பிணைப்பை நான் எங்கையும் காணேல்லை," என்றார்.

மக்களுக்கு இவ்வளவு பிரியமான மதிலை வெறுமையாக விட்டுவைப்பது பாவம் அல்லவா? எனவே 'மக்கள் மதில்' திட்டம் பிறந்தது. சித்திரத்துறை மாணவர்கள் நான்கு நாட்கள் நின்று வரைந்தார்கள். வாய்க்கால் வந்து முட்டும் இடத்தில்தான் ஊரார் அடிக்கடி வந்து நின்று மதிலைப் பார்க்கிறார்கள் என்று கள ஆய்வு சொன்னதால், சித்திரத்தின் நடுப்பகுதி அங்கேயே வந்தது. அதில் தலை சாய்த்த பேராசிரியர் ஒருவரும் மண்வெட்டியோடு ஒரு கமக்காரனும் கைகோத்து நின்றார்கள். ஊரார் அதையும் வந்து நின்று பார்த்தார்கள்.

பதினான்காவது அமர்வு புரட்டாதிக் கடைசியில் நடந்தது. சனசமூக நிலையத் தலைவர் இளையதம்பி எழும்பினார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாதவர்.

"ஐயா, ஐப்பசி பிறக்கப்போகுது. உந்த மதிலிலை, அடியிலை, நாலடி அகலத்துக்கு ஒரு வழி விட்டியளெண்டால் போதும். எங்களுக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"அருமை," என்றார் பஞ்சலிங்கம். "இதை நான் 'நீர்சார் எதிர்பார்ப்பு' எண்டு விளங்கிக்கொள்ளலாமோ?"

"மதிலிலை ஓட்டை எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ."

"நிவேதனா, குறிச்சுக்கொள்ளும்."

மையத்தின் உதவி விரிவுரையாளர் நிவேதனா இதே வசனத்தைப் பதின்மூன்று தரம் குறித்திருந்தாள். இந்தத் தரம் 'மேற்படி' என்று மட்டும் எழுதினாள்.

செந்தூரனுக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. என்னட்டை அலவாங்கு இருக்கு. பொடியள் நாலு பேரோடை ஒரு மத்தியானம் காணும். ஓட்டையும் போட்டு, மேலை கொங்கிறீட்டும் வைச்சு, திருப்பிப் பூசியும் தாறம். உங்களுக்கு ஒரு வேலையுமில்லை."

"ஓம், அதைச் செய்வம்!" என்று பின்னாலிருந்து பல குரல்கள் வந்தன.

பேராசிரியரின் தலை ஒரு கணம் நேராக நிமிர்ந்துவிட்டது. "தம்பி, அவசரப்படக்கூடாது. அது மோதல் வழி. நாங்கள் பங்காளிகளெல்லோ? நான் ஒருத்தன் இருக்கிறன். மாரிக்கு முதல் நான் செய்விச்சுத் தாறன். என்னை நம்புறியளோ, இல்லையோ?"

எல்லாரும் தங்கமுத்துவைப் பார்த்தார்கள். அதிகம் இழந்தவள் அவள்தானே.

"ரண்டு பசுவும் போனாப்பிறகு ஒரு நாகு வாங்கி வளர்த்தனான், ஐயா," என்றாள் தங்கமுத்து. "முதற் சினை. தையிலை கண்டு போடும். உதுவும் போச்செண்டால் எனக்குச் சீவியமில்லை. ஆனா நீங்கள் படிச்ச மனுசன், இவ்வளவு தரம் வந்து எங்கடை கதையைக் கேட்டிருக்கிறியள். நான் நம்புறன். செந்தூரன், இரு."

செந்தூரன் இருந்தான். பேராசிரியர் தலையைச் சாய்த்தார். அப்போது எடுத்த படம்தான் பிறகு அறிக்கையின் அட்டையில் வந்தது.

திரும்பும்போது வாகனத்தில் அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். மக்கள் தம்மை நம்புகிறார்கள் என்று மீசாலை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பல்கலைக்கழகத்தின் கட்டட வேலைப் பகுதிக்கு ஒரு வரி எழுதினால் ஒரு கிழமையில் காரியம் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பகுதிக்காரர் அவருடைய மச்சான் முறை.

திங்கட்கிழமை காலையிலேயே நிவேதனா கடிதத்தைத் தட்டச்சுச் செய்து மேசையில் வைத்தாள். 'பண்ணை மதிலில் வெள்ளவாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் நான்கடித் திறப்பொன்று அமைத்துத் தருமாறு...'

பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "இது எந்த இடம்?"

"சித்திரத்தின்ரை நடுவிலை, சேர். அந்தப் பேராசிரியர் நிக்கிற இடம்."

"சித்திரத்திலை எவ்வளவு போகும்?"

"முழங்காலுக்குக் கீழை, சேர். கமக்காரனைச் சின்னனாக் கீறினதாலை அவனுக்கு இடுப்பு வரைக்கும்."

"கமக்காரன் பரவாயில்லை," என்று யோசித்தார் பஞ்சலிங்கம். ஆனால் முழங்கால்? கார்த்திகையில் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் தரப்போவது ஆசிய ஈடுபாட்டு வலையமைப்பின் ஐந்து விண்மீன் தரம். அது கிடைத்தால் வலையமைப்பின் தலைமைப் பதவி. விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலேயே அந்தச் சித்திரம்தான் இருக்கிறது.

"காலில்லாத கூட்டாண்மையை நாங்கள் காட்டேலாது, நிவேதனா. மதிப்பீடு முடியட்டும். அடுத்தநாள் விடிய நானே கையெழுத்து வைக்கிறன்."

"மழை முந்தினால், சேர்?"

"நாங்கள் வளிமண்டலத் திணைக்களமில்லை. ஈடுபாட்டு மையம்."

கடிதம் மேசை லாச்சிக்குள் போயிற்று. ஐப்பசியில் இரண்டு தரம் இளையதம்பி தொலைபேசி எடுத்தார். இரண்டு தரமும் பேராசிரியர் அவரை இடைமறிக்காமல், முழுமையாகச் செவிமடுத்தார்.

மழை முந்திவிட்டது. மதிப்பீட்டுக்கு நான்கு நாள் இருக்க வங்கக் கடலில் தாழமுக்கம் ஏற்பட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஓயாமல் ஊற்றியது. இந்த முறை தங்கமுத்து நாகைக் கட்டி வைக்கவில்லை. போன வருடம் படித்த பாடம். பாவம், அவிழ்த்துவிட்ட சீவன் வெள்ளத்தின் போக்கிலேயே ஓடி, மதிலில் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றது. வயிற்றுக் கன்றோடு அங்கேயே செத்தது. கைகோத்து நின்ற இரண்டு பேரின் காலடியில் அது கிடந்ததைச் செந்தூரன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வெள்ளம். கிராம சேவகர் அலைந்து திரிந்து, கிட்டடியில் காய்ந்த நிலம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மண்டபம் மட்டுமே என்று கண்டு, இருநூற்றுப் பதினொரு பேரையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கினார்.

செய்தி கேட்டுப் பஞ்சலிங்கம் இடிந்துபோனார். மதிப்பீட்டாளரைக் கூட்டிக்கொண்டுபோக ஊர் இல்லை, சித்திரம் தண்ணீருக்குள். எல்லாம் போச்சு என்று மதிப்பீட்டுப் படிவத்தைப் புரட்டியவரின் விரல் ஏழாவது கேள்வியில் நின்றது. 'சமூகத்தினர் உங்கள் வளாகத்தினுள் செலவிட்ட மொத்த மணித்தியாலங்கள் எத்தனை?' இருநூற்றுப் பதினொரு பேர், மதிப்பீடு வரை மூன்று நாள், இருபத்துநான்கு மணித்தியாலம். பெருக்கிப் பார்த்தார். பதினையாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு! ஆசியாவில் எந்தப் பல்கலைக்கழகமும் ஆயிரத்தைத் தாண்டியதில்லை.

"நிவேதனா, உடனை ஒரு பதாகை அடியும். 'பல்கலைக்கழகம் மக்களின் இல்லம்.' முகாம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. இது 'வதிவிட ஈடுபாடு'."

"சேர், அதுகளுக்கு மாற்றுடுப்பு இல்லை."

"நல்லது. இயல்பாயிருக்கும்."

நிவேதனா பதாகையை அடித்தாள். ஆனால் மதிப்பீட்டாளர் பேசவேண்டிய ஆட்கள் என்று பேராசிரியர் கொடுத்த பட்டியலை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மதிப்பீட்டாளர் கத்தரீனா கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி, நரைத்த தலை, நிதானமான பேச்சு. ஈரப்பாய்களுக்கு நடுவே பஞ்சலிங்கம் அவரை நடத்திக்கொண்டு போனார். ஊரார் வட்டமாக இருத்தப்பட்டிருந்தார்கள். கத்தரீனா செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் குந்தியிருந்த தங்கமுத்துவின் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார்.

"அம்மா, பல்கலைக்கழகத்துக்காரர் யாராவது உங்க ஊருக்கு வந்து, உங்க கஷ்டத்தைக் கேட்டாங்களா?"

பஞ்சலிங்கத்தின் தலை தானாகவே சாய்ந்தது.

"ஓம் அம்மா, பொய் சொல்லக்கூடாது," என்றாள் தங்கமுத்து. "உந்தா நிக்கிற ஐயா பதினாலு தரம் வந்தவர். தேத்தண்ணி தந்து, தாள் தந்து, பக்கத்திலை இருந்து கேட்டவர். எங்கடை கதையை இப்பிடி ஆரும் கேட்டதில்லை."

பேராசிரியருக்கு ஐந்து விண்மீன்களும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன. "நிவேதனா," என்றார் பக்கம் திரும்பி, "அம்மா சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் குறிச்சுக்கொள்ளும்."

"குறியுங்கோ, பிள்ளை," என்றாள் தங்கமுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே. "அவர் ஒருக்காலும் வந்து எங்கடை கதையைக் கேக்காமல் விட்டிருந்தால், நாங்கள் அந்த மதிலை எப்பவோ இடிச்சிருப்பம்."