சராந்திஸ் தரையை உயர்த்திய காதை

வாழ்க சராந்திஸ்! பாலியோமோலோ என்னும் துறைமுகப் பட்டினத்து மேட்டுத்தெருவில் நாலாம் வீட்டு நாயகன், நாற்பதாண்டு வலைக்கடையில் கயிறு அளந்து காய்த்துப்போன கரத்தன், சினம் மூண்டால் தொப்பியைக் கழற்றித் தரையில் அறைபவன், சினம் தணிந்தால் அதையே தட்டித் துடைத்துத் தலையில் தரிப்பவன், மகளுக்கு மாடி சமைக்க மலைமண் பெயர்த்த மாவீரன் வாழ்க! பிட்டுக்கு மண் சுமந்த கதையைப் பாடிய நாவுக்கு, பெண்ணுக்கு மண் சுமந்த கதையைப் பாடுவதால் ஒரு குறையும் வந்துவிடாது. நகராட்சி விதிநூலின் பதினேழாம் பிரிவே, நீயும் வந்து என் நாவில் அமர்க. உன்னால்தான் இத்தனை கூத்தும்.

அந்த ஊரில் பெண் பிறந்தால் கூரையின் நான்கு மூலைகளிலும் கம்பிகளை வெட்டாமல் வானோக்கி நிற்க விடுவார்கள். அவள் வளர வளரக் கம்பி துருவேறும். அவளுக்கு மணம் கூடியதும் அந்தக் கம்பியைப் பற்றிக்கொண்டு மேல்தளம் எழும். சராந்திஸின் ஒரே மகள் அர்கீரோவுக்காக நின்ற கம்பிகள் இருபத்தேழு ஆண்டு மழையும் உப்புக்காற்றும் உண்டு செம்பவளம்போல் சிவந்திருந்த காலையில், கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்த நிகிதாஸ் என்னும் நல்லவனோடு அவளுக்குச் செப்டம்பரில் திருமணம் நிச்சயமாயிற்று. “அப்பா, எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். கடலைப் பாத்து ஒரு ஜன்னல் வெச்சு மாடி கட்டிக் குடுங்க. வாடகை வீட்டுல போயி எவன் முகத்தையோ பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது” என்றாள். சொன்னது மகள், சொல்லை வேதமாக ஏற்றவன் தகப்பன். மார்ச் முடிவதற்குள் தூண்களும் ஒரு பக்கத்துச் செங்கல் சுவரும் மேல்கூரையும் எழுந்து நின்றன.

அக்கூரை எழுந்த அன்றே அடுத்த வீட்டில் இடி விழுந்தது. அடுத்த வீட்டான் மெலேத்திஸ், முப்பது வருடம் பயணக் கப்பலில் வடம் இழுத்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்த பிறகு நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டுக் கையில் கடிகாரத்தோடு கப்பலின் வரவைக் கண்காணிப்பவன். யாரும் கேட்காத அந்த வேலையை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சராந்திஸின் புதுக் கூரையோ அவனுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே போய் நின்றுகொண்டது. இத்தனைக்கும் அவன் பகைவன் அல்லன். அர்கீரோவுக்குத் திருமுழுக்கில் எண்ணெய் பூசிப் பெயரிட்ட ஞானத்தகப்பன் அவனே; அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் ‘கும்பாரே’ என்றுதான் அழைப்பார்கள். அந்த உறவுச் சொல்லைச் சொல்லிக்கொண்டே அவர்கள் சண்டை போட்டார்கள்.

“கும்பாரே, உன் பொண்ணுக்குப் பேர் வெச்சவன் நான். அவளுக்கு மாடி வேணாம்னு சொல்வேனா? ஆனா என் கப்பலை மறைக்காதே!”

“கப்பல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா, கும்பாரே? கண்ணை மூடிக்கிட்டு உக்காரு. சங்கு ஊதும், கேட்டுக்கோ!”

“ஊதும்யா, ஊதும். நேரத்துக்கு வந்துச்சா லேட்டா வந்துச்சான்னு நீ வந்து சொல்வியா?”

சொல்லம்புகள் தீர்ந்தபின் மெலேத்திஸ் மனு என்னும் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, ஒன்பது மணி பஸ்ஸிலிருந்து நகராட்சிப் பொறியாளர் தெக்லா அம்மையார் இறங்கினார். இடக்கையில் அளவுநாடா, வலக்கையில் அளவுகோல், முகத்தில் யாருக்கும் உறவில்லாத ஒரு பார்வை. பதினேழாம் பிரிவு உரைப்பது இரண்டே கட்டளை: அண்டை வீட்டு எல்லைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டரை மீட்டர் இடம் விட வேண்டும், சுவரடியில் தரை எங்கே மிகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கிருந்து கூரையுச்சி வரை ஏழரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஏழரை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்க்குச் சனி நினைவுக்கு வரும். சராந்திஸுக்கு அது தெரிய நியாயமில்லை.

முதற்போர் பக்கவாட்டில் நடந்தது. நாடா நீண்டது, தெரு மூச்சடக்கியது: இரண்டு மீட்டர் ஐம்பத்திரண்டு! இரண்டே சென்டிமீட்டரில் வென்ற சராந்திஸ் தொப்பியை உயர்த்தும் முன்பே மெலேத்திஸ் கர்ஜித்தான்: “அம்மா, சுவரு இன்னும் பூசலை! பூச்சு மூணு சென்டி. பூசினா ரெண்டு நாப்பத்தொன்பது!” கூட்டம் சலசலத்தது. சராந்திஸ் தொப்பியைத் தரையில் அறைந்து சூளுரைத்தான்: “இந்தப் பக்கத்துச் சுவருக்குப் பூச்சே கிடையாது! நான் சாகுற வரைக்கும் செங்கல்லாவே நிக்கட்டும்!” அம்மையார் அதையும் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார். “கல்யாண வீட்டுச் சுவரு மொட்டையா நிக்கணுமாக்கும்” என்று அவன் மனைவி போத்தினி ஜன்னலில் தலையிலடித்துக்கொண்டாள்.

இரண்டாம் போரில் வீரன் வீழ்ந்தான். அவன் தந்தை குள்ளமானவர்; அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளக் கீழ்த்தளத்து விட்டத்தை ஊரில் எவரும் வைக்காத உயரத்தில் வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்திருந்தார். அளவுகோல் காட்டியது ஏழு மீட்டர் எண்பத்து நான்கு. முப்பத்து நான்கு சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவான வெறும் ஆகாயம், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நின்றது. ‘முப்பது நாளுக்குள் உயரத்தைச் சரிசெய்க, தவறினால் மேல்தளம் இடிக்கப்படும்’ என்று ஓலை வந்தது. அர்கீரோ அதைப் படித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மூன்று நாள் சராந்திஸுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், ஓலையை ஏழாவது முறையாகப் படிக்கையில், அவன் நெற்றியில் ஞானம் உதித்தது. “போத்தினீ! உயரத்தைச் சரிசெய்யணும்னுதான் போட்டிருக்கு. மேலேர்ந்து சரிசெய்யணும்னு எங்கடி போட்டிருக்கு?” கூரை தாழாதெனில் தரை உயரட்டும் என்று அவன் முடிவு கட்டினான்.

அட, அந்தப் படையெடுப்பை என்னென்பேன்! சாலை அகலப்படுத்தும் இடத்திலிருந்து ஐந்து லாரி செம்மண், மேட்டுத்தெருவின் குறுகல் தாங்காமல் அடிவாரத்திலேயே கொட்டப்பட, அங்கிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியே தேராக, மண்வெட்டியே வேலாக, மைத்துனன் இடப்புறம் மூச்சிரைக்க, மருமகனாகப் போகிறவன் வலப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு முனக, இருபத்தாறு நாள், விடிந்ததிலிருந்து வெயில் தலைக்கேறும் வரை, வெயில் தணிந்ததிலிருந்து கப்பல் சங்கு ஊதும் வரை, வீரன் மண் சுமந்தான், மண் கொட்டினான், மண் மிதித்தான், மண் தின்றான் என்றும் சொல்லலாம். மெலேத்திஸ் நாற்காலியில் இருந்தபடியே வண்டிகளை எண்ணினான்.

“என்ன கும்பாரே, வீட்டைக் கட்டறியா, பொதைக்கறியா?”

“நீ கப்பலை எண்ணு! என் வண்டியை எண்ணாதே!”

“கப்பல் தெரிஞ்சா எண்ண மாட்டேனா?”

இருபத்தாறாம் நாள் முற்றத்து எலுமிச்சை மரம் முழங்கால்வரை மண்ணில் நின்றது. முன்பு ஒரு படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது ஒரு படி இறங்கிப் போனார்கள். ஒரு செங்கல்லும் குறையாமல், ஒரு கம்பியும் வளையாமல், வீடு ஏழரை மீட்டராகச் சுருங்கியிருந்தது. போத்தினிகூடப் புருஷனை ஒருமாதிரி மரியாதையாகப் பார்த்தாள்.

விதிநூலை மெலேத்திஸும் படித்தவன்தான். ‘தரை எங்கே மிகத் தாழ்ந்திருக்கிறதோ’ என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். அம்மையார் மறுபடி வருவதற்கு முந்திய பிற்பகலில், ஊர் உறங்கும் வேளை பார்த்து, வேலிக்கு மேலாக நீண்ட கம்பை நீட்டிச் சுவரடிப் புதுமண்ணில் பத்து மத்திமீன் தலைகளைக் குத்திப் புதைத்தான். சராந்திஸ் வீட்டு நாய் மூர்கோஸ் நாலு காலாலும் தன் கடமையைச் செய்தது. விடிந்து பார்த்தால், சுவரடியில் பழைய தரைவரை இறங்கிய பெருங்குழி! அதற்குள் பஸ் வந்துவிட்டது. அளவுகோல் குழிக்குள் இறங்கியது. ஏழு எண்பத்து நான்கு.

“அம்மா, அது தரையில்லம்மா! நாயி!”

“நாய் தோண்டினாலும் தரை தரைதானே, அம்மா?” என்றான் மெலேத்திஸ், பாலும் தேனும் வழிய.

சராந்திஸ் குழியில் குதித்தான். துழாவினான். தோண்டினான். பகைவன் தலையைக் கொய்த தளபதியென ஒரு மத்தித்தலையை உயரத் தூக்கிப் பிடித்தான். “நேத்து என்ன கிழமை? புதன்! விரதம்! என் வீட்டுல வெறும் பயறு! இந்த மீன் யார் வீட்டுலேர்ந்து வந்துச்சு? விரத நாள்ல மீன் தின்னியா, கும்பாரே?”

தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒருசேரச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மெலேத்திஸ் இரண்டு கையையும் விரித்தான். “ஐயையோ, தின்னலை! சத்தியமா தின்னலை! வாங்கினேன், அவ்வளவுதான்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுக்கு வாங்கினீங்கன்னு நான் கேக்கலை. வெயில் ஏறுது. எனக்கு ஒரு காபி வேணும்” என்று சொல்லிவிட்டு, எந்த வீடு என்று பாராமல், நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அது மெலேத்திஸின் நாற்காலி.

அந்த ஊரில் எதை மறுத்தாலும் மறுக்கலாம், வாசலில் உட்கார்ந்து கேட்டவருக்குக் காபியை மறுக்க முடியாது. அவசரமாக ஆற்றிக் கொடுக்கவும் முடியாது. நுரை கட்டாத காபியைக் கொடுத்தான் என்ற பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும். மெலேத்திஸ் பித்தளைச் செம்பைச் சிறு தீயில் வைத்து, சர்க்கரை மிதமாகப் போட்டு, நுரைக்காகக் காத்து, நாரத்தைத் தேன்பாகு ஒரு கரண்டி, குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் என்று முறைப்படி தட்டில் அடுக்கினான். அடுக்கும்போதெல்லாம் வேலிக்கப்பால் சராந்திஸ் கையாலும் காலாலும் தொப்பியாலும் குழியை மூடும் சத்தம் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“நல்ல காத்து இங்க” என்றார் அம்மையார் காபியை உறிஞ்சி. “இங்கேர்ந்து கப்பல் தெரியாதா?”

“தெரிஞ்சுது” என்றான் மெலேத்திஸ்.

அம்மையார் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய் மறுபடி அளந்தார். ஏழு மீட்டர் ஐம்பது! முத்திரை விழுந்த ஓசையில் எலுமிச்சை மரத்துக் குருவிகள் சிதறின. முரசு முழங்குக, சங்கு ஊதுக! கோடையெல்லாம் மற்றச் சுவர்கள் எழ, கடல் நோக்கிய ஜன்னல் திறக்க, செப்டம்பர் ஞாயிற்றில் அர்கீரோ மாலை சூட, மெலேத்திஸே வளைந்தாடும் நடனத்துக்குத் தலைமையேற்றுக் கண்ணீர் வழியக் கைக்குட்டை சுழற்ற, மண்ணை விண்ணுக்கேற்றிய மாவீரன், விதியை விதியாலேயே வென்ற வித்தகன், தரையைத் தூக்கி நிறுத்திய தகப்பன், தொப்பியில் ஒட்டிய செம்மண்ணைத் துடைக்காமலே வெற்றி உலா வந்தான். அவன் புகழ் வாழ்க, அவன் மாடி வாழ்க, மாடியில் மகள் நீடு வாழ்க!

அக்டோபர் முதல் மழைக்கு முற்றத்துத் தண்ணீரெல்லாம் வாசற்படி இறங்கிக் கீழ்வீட்டுக்குள் வந்துவிட்டதால், சராந்திஸும் போத்தினியும் கட்டிலோடு மாடிக்குப் போனார்கள், மகளும் மருமகனும் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார்கள்.