இன்சுலின் எதிர்ப்பும் எங்கள் மேலாளரும்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளில் சக்கரத்துக்கு அடுத்த இடம் எங்கள் மேலாளரின் "வெறும் வயிற்று நிர்வாக"த்துக்கே சேரும் என்பது என் தாழ்மையான கருத்து.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள சர்க்கரை அளவையும் இன்சுலின் அளவையும் பெருக்கி ஓர் எண்ணால் வகுத்தால், இன்சுலின் சொல்வதை உடம்பு எவ்வளவு தூரம் கேட்கிறது என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம் என அவர் எங்கோ படித்துவிட்டார். கேட்காவிட்டால் அதற்குப் பெயர் "இன்சுலின் எதிர்ப்பு". அந்த இரண்டாவது சொல்தான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

"நம்ம ஆபீஸ்ல யார் யார்கிட்ட எதிர்ப்பு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

மறுநாள் காலை அனைவரும் பட்டினியோடு கூட்ட அறையில் ஆஜரானோம். லேப் பெண்மணி ஊசியுடன் காத்திருக்க, மேலாளர் பட்டினியின் பெருமை குறித்து உரையாற்றினார். பேசத் தெம்பு வேண்டுமல்லவா, அவர் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். உரை நீண்டதில் தபால் பிரிவு குமாஸ்தா "ஆமாஞ்சாமி" கண் செருகி மேசைமேல் சாய்ந்தார். மேலாளர் அதைத் தலையசைப்பாக எடுத்துக்கொண்டார். பிறகு மேலாளர் உட்பட எல்லோரும் ரத்தம் கொடுத்தோம்.

முடிவுகள் வந்தன. ஊழியர்களில் அதிக எதிர்ப்பு ஆமாஞ்சாமிக்கு. மேலாளர் கொட்டாவி விட்டாலே "சரிங்க சார்" என்பவர் அவர். உடனே விசாரணைக் குழு கூடியது.

"வெளியில தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள எதிர்த்திருக்கீங்க. ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க சார்."

லேப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. இது குணத்தை அளக்கும் கணக்கல்ல; நாளெல்லாம் உட்கார்ந்து, தூக்கம் கெட்டு, வேளை தவறிச் சாப்பிட்டால் உடம்பு இப்படியும் ஆகும்; அவரை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள் என்றார். பிறகு மேலாளரைப் பார்த்தார்.

"எல்லாரையும் விட உங்க எண்தான் சார் அதிகம். ஆனா நீங்க சாப்பிட்டுட்டு வந்ததால அது செல்லாது. மறுபடி பட்டினி இருந்து குடுக்கணும்."

மேலாளர் அசரவில்லை. ஊழியரிடம் இருந்தால் அது எதிர்ப்பு, தம்மிடம் இருந்தால் "உறுதி" என்று தீர்ப்பளித்தார். கைதட்டினோம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஆமாஞ்சாமி, அலுவலகம் முடியும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேலாளர் வழக்கம்போல் கூடுதல் வேலையை நீட்டினார்.

"முடியாதுங்க சார். சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லி, நிஜமாகவே நடந்து போய்விட்டார்.

இத்தனைக்குப் பிறகும் மேலாளர்மீது எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. எங்கள் ரத்தத்தை அவர் காலங்காலமாக உறிஞ்சிவருகிறார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பஞ்சு வைத்துத் துடைத்து எடுத்தது இந்த ஒருமுறைதான்.