எதுவரிக்கும் மாமா

கோலார் தங்கவயலில் ஓர் உத்தரவைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஆள் எவருமே கிடையாது. காரணம், எங்கள் ஸ்கெலட்டன் தெருவின் எதுவரிக்கும் மாமா.

திருவிழாவுக்குத் தெருவை அடைத்தால், "எது வரிக்கும்?" என்பார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால், "எது வரிக்கும் சார்?" ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர், "அப்படியே அசையாம நில்லுங்க" என்றதற்கும் அதே கேள்விதான்.

மாமா அதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எமர்ஜென்சி சமயத்தில் அவருக்குச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை. ஒருநாள் ஷிப்டு முடிந்து மேலே வந்தவர், டீக்கடையில் அரசாங்கத்தைப் பற்றி உரக்கப் பேசிவிட்டார். போலீஸ் கொண்டுபோய் உள்ளே வைத்தது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. எமர்ஜென்சி முடிந்து அவர் வீடு திரும்பியபோது, இடையில் பிறந்த மகள் நடக்கவே ஆரம்பித்திருந்தாள். அப்பாவைப் பார்த்து, யாரோ என்று பயந்து அழுதாள்.

கொரோனா வந்தது. தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். "நோவு இருக்கிற வரிக்கும் சரி" என்று மாமாவும் மாஸ்க் போட்டுக்கொண்டார். நோய் போயிற்று, தகரம் போகவில்லை. மாசமான பெண்கள்கூடச் சுரங்கக் கழிவு கொட்டிய மண்மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மாமா தகரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மழையிலும் எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு.

"தாத்தா, இது அவசரகால உத்தரவு. எழுந்திரிங்க."

"எது வரிக்கும்பா?"

"அதெல்லாம் மேலிடத்துக்குத்தான் தெரியும்."

"சீனாக்காரன் சண்ட ஒரு மாசத்துல முடிஞ்சிது. அதுக்குப் போட்ட எமர்ஜென்சிய எடுக்க அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சி. பாகிஸ்தான் சண்டைக்கிப் போட்டத எடுக்காமயே, அதும் மேல இன்னொண்ணு போட்டாங்க. அதுலதான் நான் உள்ள போனேன். போடறப்ப எல்லாருக்கும் அவசரம். எடுக்கறதுக்கு இன்னா, ஆளே இல்லியா?"

கூட்டம் சிரித்தது. கடுப்பாகிப் போன இன்ஸ்பெக்டர் மாமாவை ஜீப்பில் ஏற்றினார். மகளும் தாவி ஏறினாள். "எங்கப்பாவ எங்க இஸ்துகினு போனாலும் நானும் வருவேன்!" அவள் பின்னாலேயே தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஏற, டிரைவருக்கே உட்கார இடமில்லாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார். நெடுநேரம் தலையாட்டினார். பிறகு ஸ்பானரோடு ஆட்கள் வந்து தகரத்தைக் கழற்றினார்கள்.

தெருவே கைதட்டியது. ஜீப்பிலிருந்து இறங்க மாமாவுக்கு நான் கை கொடுத்தேன். இறங்கிய பிறகும் அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணும் இல்ல. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

வீடு வரும்வரை அந்தக் கையை நான் விடவேயில்லை.